டிரம்முக்கு இரண்டு கேன் தண்ணீர்

காளிராஜுக்கு மச்சினன்மேல் வயிறு எரிய ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாயல்குடி கடைவீதியில், அவனுடைய சொந்தக் கடைக்குள்ளேயே. பற்றவைத்தது அவன் பெண்டாட்டி சண்முகவள்ளி.

இருபது வருஷமாக மோட்டார் காயில் கட்டுகிற கடை அது. போர் மோட்டார், இறால் பண்ணை மோட்டார், மாவு மில் மோட்டார் என்று எது எரிந்து வந்தாலும் பழைய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பான். அன்றைக்கு இறால் பண்ணைக்காரர் ஒருவர் மோட்டாரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுத் தூக்கோடு வந்த சண்முகவள்ளி, தூக்கை வைத்த கையோடு போனை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"என் தம்பி செஞ்சது, பாருங்கண்ணே. வீட்டுக்குள்ளயே மின்னல் அடிக்குது."

அவர் மூன்று தடவை பார்த்தார். மூன்று தடவையும் வாய் மூடவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில், துண்டு போர்த்தி, காளிராஜின் மின்னல் காயில் நின்றுகொண்டிருந்தது. அதே மனிதர் ஆறு மாதத்துக்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டு, "கொசு பேட்டு மாதிரி படபடங்குதே" என்று சொல்லிச் சிரித்தவர். காளிராஜ் அன்றைக்குச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை.

அந்தக் காயில் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முழங்கை கனத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய். அதில் தலைமுடி மாதிரியான செம்புக் கம்பியை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஆயிரம் சுற்றுச் சுற்ற வேண்டும். உச்சியில் ஒரு தகர வளையம். கீழே, வீட்டுக் கரண்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிக் கொடுக்க ஒரு டிரான்ஸ்பார்மர். எல்லாம் கூடி வந்தால் வளையத்திலிருந்து ஊதா நிறத்தில் மின்னல் கிளம்பும். இதனால் யாருக்கு என்ன பிரயோசனம் என்றால், ஒரு பிரயோசனமும் இல்லை. பார்க்கிறவன் வாயைப் பிளப்பான், அவ்வளவுதான். அந்த வாய் பிளப்பதற்காகத்தான் காளிராஜ் செய்தான். எரிந்த மோட்டாரை ஓட வைத்துக் கொடுத்தால் எவன் வாயைப் பிளக்கிறான்?

இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் பழைய நியான் போர்டைக் கழற்றிப் போட்டபோது அதன் டிரான்ஸ்பார்மரை வாங்கி வந்து அவன் அதைச் செய்தான். நியான் டிரான்ஸ்பார்மருக்கு ஒரு குணம் உண்டு. எவ்வளவு கேட்டாலும் ஓர் அளவுக்கு மேல் கரண்டு இழுக்காது. அதன் வயிற்றுக்குள்ளேயே அந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. எரியாது, வெடிக்காது, ஒரு சாண் மின்னலுக்கு மேல் போகவும் போகாது. அந்த ஒரு சாணுக்கே இந்தப் பக்கத்தில் இதே பைத்தியம் பிடித்த பதினோரு பேர் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவில் அவனுக்கு 'மாஸ்டர்' என்று பெயர் வந்தது. இயற்பியல் வாத்தியார் அப்துல் குத்தூஸ்கூட, "காளிராஜ் மாஸ்டர் என்ன சொல்றார்?" என்றுதான் கேட்பார். ஒன்றரை வருஷம் அந்தப் பெயரைக் காளிராஜ் புதுச் சட்டை போட்டவனைப் போல அனுபவித்தான்.

அப்புறம்தான் மச்சினன் தர்மராஜ் வந்து சேர்ந்தான். முதுகுளத்தூர்ப் பக்கம் கிராமத்தில் மிளகாய் விவசாயம். டிப்ளமோ படித்துவிட்டு, கம்பெனி வேலை பிடிக்காமல் காட்டுக்கே திரும்பியவன். "அத்தான், எனக்கும் சொல்லிக் குடுங்க" என்று வந்து நின்றபோது காளிராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. அவனுக்குக் கம்பி சுற்ற வரவில்லை என்று நாலு நாள் உட்கார்ந்து ஆயிரம் சுற்றையும் காளிராஜே சுற்றிக் கொடுத்தான். முதல் பாடமாக, கடைச் சுவரில் தொங்குகிற சீரீஸ் பல்பையும் காட்டினான்.

காயில் கட்டுகிற எந்தக் கடைக்குப் போனாலும் அந்தப் பல்பு இருக்கும். புதிதாகக் கட்டிய மோட்டாரை நேராக மெயினில் மாட்டவே மாட்டார்கள். கரண்டு முதலில் பல்பு வழியாகப் போய்த்தான் மோட்டாருக்குள் நுழையும். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பளீரென்று எரியும், மோட்டார் பிழைத்துக்கொள்ளும்.

"பல்பு இல்லாம எதையும் மெயின்ல மாட்டாத மாப்ள" என்றான் காளிராஜ். "டிரான்ஸ்பார்மர் மாடு மாதிரி. அவுத்து விட்டா வயிறு வெடிக்கிற மட்டும் திங்கும்."

தர்மராஜ் அதைக் கேட்டுக்கொண்டான். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தானா என்றால், அதுதான் இல்லை. பழைய மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து இரண்டு டிரான்ஸ்பார்மர் கழற்றினான். அவற்றுக்கு நியான் டிரான்ஸ்பார்மரின் அடக்கம் கிடையாது. கரண்டை மடமடவென்று குடிக்கும். அதைக் கட்டுப்படுத்த முதலில் பத்துப் பல்பு போட்டுப் பார்த்தான், பிறகு இஸ்திரிப்பெட்டி போட்டுப் பார்த்தான். கடைசியில், மிளகாய்க்குப் பாய்ச்சுகிற தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்கிற பழக்கத்தில் ஒரு யோசனை வந்தது. ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மில் நல்ல தண்ணீர் இரண்டு கேன் ஊற்றி, மூன்று ஸ்பூன் கல்லுப்பைக் கரைத்தான். அடியில் ஒரு எவர்சில்வர் தகடு. இன்னொரு தகட்டை நைலான் கயிற்றில் கட்டி, கப்பி வழியாக மேலிருந்து தொங்கவிட்டான். கரண்டு ஒரு தகட்டிலிருந்து தண்ணீர் வழியாக அடுத்த தகட்டுக்குப் போய்த்தான் டிரான்ஸ்பார்மருக்குள் நுழைய வேண்டும். கயிற்றை இறக்கினால் கரண்டு கூடும், ஏற்றினால் குறையும். தண்ணீரும் மூன்று ஸ்பூன் உப்பும் சேர்ந்து கடிவாளம் பிடித்தன. மின்னல் இரண்டு முழம் வந்தது.

காளிராஜுக்கு ஆறவே இல்லை. மின்னல் பெரிதானதுகூடப் பரவாயில்லை, அந்த டிரம்தான் அவனைத் தூங்க விடவில்லை. இருபது வருஷமாக அவன் கடை வாசலில்தான் உப்பு லாரி போகிறது. சிந்துகிற உப்பைத் தினமும் விளக்குமாற்றால் கூட்டித் தள்ளுகிறவன் அவன். அவன் மண்டைக்கு வராதது, மிளகாய்க் காட்டில் நிற்கிற பயலுக்கு வந்துவிட்டது. ஒரு நாள் சோற்றில் கை வைத்திருக்கும்போது குழுவில் குத்தூஸ் சார் எழுதியதைப் படித்தான். 'தர்மராஜ் மாஸ்டரின் உப்புத் தண்ணீர் டிரம் அபாரம்.' கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டான்.

"என்னங்க, குழம்பு நல்லால்லயா?" என்று கேட்டாள் சண்முகவள்ளி.

"உப்புக் கூடிப் போச்சு" என்றான்.

மாரியூரில் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடுவது என்று குத்தூஸ் சார் ஏற்பாடு செய்தார். ஜன்னலுக்குத் தார்ப்பாய் கட்டிவிட்டால் பட்டப்பகலிலேயே உள்ளே இருட்டாகிவிடும். ஊர்ச் சனங்களும் பார்க்கலாம். முதலில் காளிராஜ், அடுத்து தர்மராஜ். முதல் நாள் சாயங்காலம் தர்மராஜ் போன் செய்தான்.

"அத்தான், மாரியூர்ல தண்ணி எப்படி?"

"போர் தண்ணி. வாயில வைக்க முடியாது."

"அப்ப டிரம்முக்கு ஆகாது. எனக்கு ரெண்டு கேன் நல்ல தண்ணி மட்டும் சாயல்குடில இருந்து கொண்டாந்துருங்க. நான் காயிலு, டிரம்மு எல்லாம் ஏத்துனா வண்டில இடம் பத்தாது."

"சரி மாப்ள" என்றான் காளிராஜ். அந்த நிமிஷம் சொன்ன 'சரி' சத்தியமான சரிதான். அதில் கள்ளம் இல்லை.

கள்ளம் காலையில் வந்தது. பின்சீட்டில் இரண்டு காலி கேன்களைப் போட்டுக்கொண்டு காளிராஜ் ஆட்டோவில் கிளம்பினான். சண்முகவள்ளி தம்பியோடு வருவதாக முந்தின நாளே அவன் ஊருக்குப் போயிருந்தாள். தண்ணீர்க் கடை திறந்துதான் இருந்தது. கடைக்காரர் கையைக்கூடத் தூக்கிக் காட்டினார். "அண்ணே, நிறுத்துங்க" என்று ஆட்டோக்காரரிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. காளிராஜ் சொல்லவில்லை. கடை பின்னால் போய்விட்டது.

மாரியூரில் அவன்தான் முதல் ஆள். கட்டடத்துக்குப் பின்னால் போர் பைப் இருந்தது. திறந்தான். இரண்டு கேனையும் பிடித்தான். மூடியை இறுக்கினான். கண்ணுக்கு அதுவும் தண்ணீர்தான், இதுவும் தண்ணீர்தான். ஏற்கெனவே உப்பாக இருக்கிற தண்ணீரில் மச்சினன் இன்னும் மூன்று ஸ்பூன் போடுவான். கடிவாளம் அறுந்த மாதிரி கரண்டு பாயும். பாய்ந்தால் என்ன, பியூஸ் போகும். மறுபடி போட்டால் மறுபடி போகும். சனம் நாலு பேர் சிரிப்பார்கள். 'என்னப்பா, மாஸ்டரோட டிரம்மு இம்புட்டுத்தானா?' என்று யாராவது கேட்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நனைந்த கையை வேட்டியில் துடைத்தான்.

பதினொரு மணிக்கு அறுபது எழுபது பேர் கூடிவிட்டார்கள். தார்ப்பாய் இறங்கியது. காளிராஜ் தன் காயிலை ஓட்டினான். ஒரு சாண் மின்னல் படபடத்தது. கையும் தட்டினார்கள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் கைதட்டல் ஓயும் முன்பே பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "அந்தப் பெருசு எப்ப விடுவாங்க?" என்று கேட்டது. காளிராஜுக்குக் காது மடல் சுட்டது.

தர்மராஜ் டிரம்மை நடுவில் இழுத்து வைத்தான். முதல் கேனைக் கவிழ்த்தான். இரண்டாவதையும் கவிழ்த்து, அடியில் ஒரு செம்பு அளவு மட்டும் மிச்சம் வைத்தான். எல்லோருக்கும் காட்டிக் காட்டி மூன்று ஸ்பூன் உப்பைப் போட்டுக் குச்சியால் கலக்கினான். இந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால்கூட எல்லாம் சரியாகியிருக்கும். காளிராஜ் தன் காயிலுக்குத் துண்டு போர்த்திக்கொண்டிருந்தான்.

"வழக்கமா இந்தக் கயித்த நாந்தான் புடிப்பேன்" என்றான் தர்மராஜ் சனத்திடம். "இன்னிக்கு உங்களுக்கு விளக்கிச் சொல்லணும். அக்கா, நீ வந்து புடி. நான் சொல்லச் சொல்ல இறக்கு."

சண்முகவள்ளி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. கல்யாணத்தன்றுகூட அவளைக் காளிராஜ் அப்படிப் பார்த்ததில்லை.

பியூஸ் போய்விடும், பயமில்லை என்று காளிராஜ் சுவரைப் பார்த்தான். மெயின் சுவிட்ச் பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டை இருந்தது. அதன் ஓரத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அந்த டேப் அவன் ஒட்டியது. போன ஐப்பசி மழையில் இந்தக் கட்டடத்து மோட்டார் ஓயாமல் பியூஸைத் தின்கிறது என்று கூப்பிட்டு விட்டார்கள். பேரிங்கை மாற்ற நேரம் இல்லை, மழை வேறு. பியூஸ் கம்பிக்குப் பதிலாக நாலு இழை செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டு, "இப்பதைக்கு ஓடட்டும், பெறகு பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தவன் அவனேதான். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. இந்தப் பியூஸ் போகாது. கட்டடமே எரிந்தாலும் போகாது.

"போடுறேன்" என்றான் தர்மராஜ்.

தகடு தண்ணீரைத் தொட்டதுதான் தாமதம். வளையத்திலிருந்து மின்னல் சீறிக்கொண்டு கிளம்பியது. ஒரு முழம், இரண்டு முழம், மூன்று முழம். கூரையைத் தொட எட்டிப் பார்த்தது. கட்டடம் முழுக்க ஊதா வெளிச்சம். சனம் மொத்தமும் 'ஓ'வென்று எழுந்து நின்றது. குத்தூஸ் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். இந்தப் பதினோரு பேரில் எவனும் கனவிலும் காணாத மின்னல் அது.

இங்கேதான் காளிராஜின் நெஞ்சில் இருந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெண்டாட்டி டிரம் பக்கத்தில் நிற்கிறாள் என்ற நினைப்பு அவனுக்கு உடனே வரவில்லை. முதலில் வந்தது ஆத்திரம். கெடுக்கப் போய் இவனுக்கு மூன்று முழம் கொடுத்துவிட்டேனே என்ற ஆத்திரம். இரண்டு மூச்சு விடுகிற நேரம் அந்த ஆத்திரத்திலேயே நின்றான்.

மூன்றாவது மூச்சில் காது விழித்துக்கொண்டது. சனத்தின் சத்தத்துக்கு அடியில் டிரான்ஸ்பார்மர் உறுமிக்கொண்டிருந்தது. இருபது வருஷம் எரிகிற மோட்டாரைக் கேட்ட காது அது. பின்னாலேயே வார்னிஷ் கருகுகிற வாடை. டிரம்மில் தகட்டைச் சுற்றித் தண்ணீர் கொதித்துக் குமிழி குமிழியாகத் தெறிக்க ஆரம்பித்திருந்தது. ஆவி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சண்முகவள்ளி முகத்தை டிரம்முக்கு நேரே தாழ்த்திக்கொண்டிருந்தாள். கையிலிருந்த கயிறு தளர்ந்துகொண்டிருந்தது.

"வள்ளி, கயித்த விட்றாத, பின்னால போ" என்று கத்திக்கொண்டே ஓடினான். யார் காலை மிதித்தான், யாரை இடித்தான் என்று தெரியாது. மெயின் சுவிட்சின் பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தான்.

இருட்டு. பிறகு, "எவன்யா அமத்துனது?" என்று ஒரு குரல். "மாஸ்டருக்குப் பொறுக்கல போல" என்று இன்னொரு குரல். அதற்கு நாலைந்து பேர் சிரித்தார்கள்.

தார்ப்பாயைத் தூக்கியதும் சிரிப்பு நின்றது. இரண்டு டிரான்ஸ்பார்மரிலிருந்தும் கறுப்புப் புகை சுருண்டு வந்தது. டிரம் ஒரு பக்கம் இளகிப் புடைத்திருந்தது. சண்முகவள்ளியின் வலது முழங்கையில் கொதிதண்ணீர் தெறித்து நாலைந்து இடம் சிவந்திருந்தது. முகத்தில் ஒன்றும் படவில்லை. அவள் கயிற்றை இன்னும் விடவில்லை.

தர்மராஜ் அக்காவின் கையிலிருந்து கயிற்றைப் பிரித்து வாங்கினான். சனத்தைப் பார்த்துத் திரும்பினான்.

"என் தப்புங்க. உப்பு கூடுதலா போட்டுட்டேன் போல இருக்கு. அத்தான் மட்டும் ஓடியாரலன்னா எங்கக்கா மூஞ்சி வெந்துருக்கும். இந்தக் காயில்ல ஆயிரம் சுத்தும் அவுக சுத்துனது. கரண்டக் கட்டணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததும் அவுகதான். சும்மாவா மாஸ்டர்னு சொல்றோம்."

குத்தூஸ் சார் முதலில் கை தட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். மூன்று முழ மின்னலுக்குப் போட்ட சத்தத்தைவிடப் பலமாகவே தட்டினார்கள். ஆறு மாதமாகக் காளிராஜ் எதற்காக வெந்துகொண்டிருந்தானோ அது வந்து அவன் தலையில் கொட்டியது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். யாரோ முதுகில் தட்டினார்கள். யார் என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

கூட்டம் வெளியே காற்றுக்குப் போனது. உள்ளே மூன்று பேர்தான் மிச்சம். சண்முகவள்ளிக்கு நாக்கு வறண்டுவிட்டது. கேனில் மிச்சமிருந்த தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் சாய்த்து ஒரு வாய் குடித்தாள். குடித்தவள் அப்படியே நின்றாள். துப்பவில்லை. மெல்ல விழுங்கினாள். கேனைப் பார்த்தாள், பின்வாசல் வழியாகத் தெரிந்த போர் பைப்பைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். சோற்றுப் பானையில் இருபது வருஷம் உப்புப் பார்த்தவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

டம்ளரை நிரப்பிக் காளிராஜிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

"ஓடியாந்து களைச்சுட்டீங்க. குடிங்க."

அவன் வாங்கினான். வாயில் வைத்ததும் தொண்டை உள்ளே விட மறுத்தது. முகம் சுளிக்காமல் ஒரே மூச்சில் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கும் ஒரு வாய் ஊத்துக்கா" என்று தர்மராஜ் வந்தான். அவள் கேனைத் தொடவில்லை. அவனே காலி டம்ளரை வாங்கி, கேனைச் சாய்த்து நிரப்பி, உதட்டுக்குக் கொண்டுபோனான்.

"அதக் குடிக்காத மாப்ள" என்றான் காளிராஜ்.

"ஏன் அத்தான்?"

"அது கேன் தண்ணி இல்ல. இங்கன உள்ள போர் தண்ணி. காலைல நாந்தான் புடிச்சேன்."

தர்மராஜ் டம்ளரை உடனே கீழே வைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே, அதற்குள் ஏதோ கிடப்பதுபோலப் பார்த்தான். கடை மூடியிருந்ததா, மறந்துவிட்டீர்களா என்று கேட்பான் என்று காளிராஜ் எதிர்பார்த்தான். அவன் கேட்கவில்லை. டிரம்மைப் பார்த்தான். தன்னுடைய காயிலைப் பார்த்தான். துண்டு போர்த்திய அத்தானின் காயிலையும் பார்த்தான்.

"அக்காதான் கயித்தப் புடிக்கும்னு உங்களுக்குத் தெரியாது, இல்லையா?"

"சாமி சத்தியமா தெரியாது மாப்ள. தெரிஞ்சிருந்தா செஞ்சிருப்பேனா?" என்றான் காளிராஜ். "நீதான் எப்பவும் புடிப்ப. நீ புடிப்பேன்னுதான்…"

சொல்லி முடிக்கும் முன்பே தன் வாயிலிருந்து வந்தது அவன் காதில் விழுந்தது. அங்கேயே நிறுத்தினான்.

"ஆமா" என்றான் தர்மராஜ். "எப்பவும் நாந்தான் புடிப்பேன்."

டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, குனிந்து டிரான்ஸ்பார்மரின் ஒயரைக் கழற்ற ஆரம்பித்தான். சண்முகவள்ளி முழங்கையை ஊதிக்கொண்டே தம்பியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சுருட்டுவதற்கு ஒயரின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தாள்.